மூணு வருஷம் கூட இருந்தவங்க நட்சத்திரத்துக்குக் கிளம்புறாங்க, பாப்பாகிட்ட எப்படிச் சொல்றது?

வாசகி எழுதின லெட்டர் ஒன்பது பக்கம். பேர், ஊர் எல்லாத்தையும் எடுத்துட்டு சுருக்கிச் சொல்றேன்.

எழுதினவங்களுக்கு வயசு 38. கணவர், எட்டு வயசுப் பொண்ணு, மாமியார்னு நாலு பேர் இருக்கிற வீடு. மூணு வருஷத்துக்கு முன்னாடி கலாச்சாரப் பரிமாற்றத் திட்டத்துல பேர் குடுத்து, டௌ செட்டி நட்சத்திரத்துல இருந்து வந்தவங்கள்ல ஒருத்தரை வீட்டோட தங்க வச்சிருக்காங்க. வந்தப்ப பாப்பாவுக்கு அஞ்சு வயசு, யாரும் சொல்லிக் குடுக்காம அவளாவே "அத்தை"ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டா. மாமியார் முதல்ல "அத்தைன்னா என் வயித்துல பொறந்திருக்கணும்"னு முறைச்சிருக்காங்க, இப்ப என்னடான்னா ராத்திரி அத்தை ரூம்ல ஒருதடவை எட்டிப் பார்க்காம அவங்க படுக்கிறதில்லையாம். இன்னும் ஆறு வாரத்துல கப்பல் கிளம்புது.

போன வாரம் அத்தை, இந்த மூணு வருஷத்துல வீட்டு ஆளுங்க குடுத்த எல்லாத்தையும் கொண்டுவந்து மேஜை மேல வரிசையா வச்சிருக்காங்க. எரியாத டார்ச், பல் ஒடிஞ்ச சீப்பு, மாமியார் பின்னின மஃப்ளர், பாப்பா கிரேயான்ல வரைஞ்ச படம். ஒவ்வொண்ணையும் தொட்டு, எந்த நாள்ல யார் குடுத்தது, அப்ப மழை பெஞ்சுதா, யார் சிரிச்சாங்கன்னு வரைக்கும் சொல்லிட்டு, குடுத்தவங்க பக்கமா தள்ளி வச்சிருக்காங்க. தன்னோட படம் திரும்பி வந்ததைப் பார்த்து பாப்பா அழுதுகிட்டே ரூமுக்கு ஓடிட்டா. "மூணு வருஷப் பாசத்தை மூட்டை கட்டித் திருப்பிக் குடுத்துட்டாங்க மேடம், ஒரு சொட்டு வருத்தம் கூட இல்ல, ஊருக்குப் போற சந்தோஷம்தான்"னு எழுதியிருக்காங்க. அதுக்கு முந்தின வாரம்தான் அத்தை பாப்பாகிட்ட "தினமும் உனக்கு எழுதுவேன்"னு சொன்னாங்களாம், பன்னெண்டு ஒளியாண்டு (ஒளியே போய்ச் சேர பன்னெண்டு வருஷம் ஆகுற) தூரத்துக்குப் போறவங்க குழந்தைகிட்ட இப்படி ஒரு பொய்யைச் சொல்லலாமான்னு இவங்களுக்குக் கோவம். கணவர் பாப்பாகிட்ட தேதியே சொல்ல வேண்டாம், போனப்புறம் பார்த்துக்கலாம்ங்கிறார். நாத்தனார் "கூடப் பொறந்தவ நான் கிளம்பறப்ப இவ்ளோ கண்ணீர் வந்ததில்லையே"ன்னு குத்திக் காட்டுறாங்க. இது போக ரெண்டு கேள்வி: கூடவே போக ஒரு சீட் தர்றதா சொல்றாங்க, அதை யோசிக்கலாமா? ரகசியமா ஒரு செடியைக் குடுத்தனுப்பலாமா, அவங்க குடுக்கிற கல்லை நாம வச்சுக்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்க லெட்டர்ல நாலாவது பக்கத்துல போற போக்குல ஒரு வரி எழுதிட்டுத் தாண்டிப் போயிட்டீங்க. அவங்க வந்த புதுசுல ராத்திரி ராத்திரி, ஊர்ல இருந்து கொண்டுவந்த சின்னச் சின்ன சாமானைத் தரையில வரிசையா வச்சு, ஒவ்வொண்ணையும் தொட்டுத் தொட்டு ஏதோ முணுமுணுத்தாங்க, நாங்க சாமி கும்பிடறாங்கன்னு நினைச்சு கதவைச் சாத்திட்டு வந்துட்டோம்னு. அந்த வரியையும் போன வாரம் நடந்ததையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. விட்டுட்டு வந்தவங்களை நினைச்சு அன்னைக்குத் தனியா உக்காந்து செஞ்சதை, இன்னைக்கு உங்களை நினைச்சு, உங்க முன்னாடியே செஞ்சிருக்காங்க. வருத்தமே இல்லாத ஒருத்தருக்கு மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் மழை பெஞ்சுதா இல்லையான்னு எதுக்கு ஞாபகம் இருக்கணும் சொல்லுங்க.

அந்த மேஜை விஷயம்

திருப்பிக் குடுத்ததுக்குக் காரணம் என்னவா இருக்கும்னு நானா ஒரு கதை கட்டி உங்களை ஆறுதல் படுத்த விரும்பல. அவங்க ஊர் வழக்கமா இருக்கலாம், கப்பல்ல இவ்ளோ எடைதான்னு ஏதாவது கணக்கு இருக்கலாம், ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஆனா ஒண்ணு கவனிச்சேன், ஒன்பது பக்கத்துலயும் தேடினேன், அவங்ககிட்ட நீங்க கேட்டதாவே இல்ல. நாத்தனார் என்ன சொன்னாங்க, கணவர் என்ன சொன்னார், மாமியார் முகம் எப்படிப் போச்சு எல்லாம் இருக்கு. ஒரே வீட்டுல பக்கத்து ரூம்ல இருக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே.

கேக்கிற விதம் முக்கியம். "எங்க மேல பாசமே இல்லையா"ன்னு கேக்காதீங்க, அது கேள்வியே கிடையாது, குத்தச்சாட்டு, நம்ம மனுஷங்களே அதுக்கு ஒழுங்கா பதில் சொல்ல மாட்டாங்க. "உங்க ஆளுங்க பிரியறப்ப என்ன செய்வாங்க, இருக்கிறவங்க பதிலுக்கு என்ன செய்யணும்"னு கேளுங்க. யோசிச்சுப் பாருங்க, அன்னைக்கு அவங்க ஒவ்வொண்ணையும் உங்க பக்கம் தள்ளினப்ப, நீங்க பதிலுக்கு ஏதோ சொல்லணும்னு அவங்க காத்துக்கிட்டு இருந்திருக்கலாம், அந்த நேரம் பார்த்து பாப்பா அழுதுகிட்டே ஓட, நீங்க பின்னாடியே ஓட, அவங்க மட்டும் மேஜைகிட்ட நின்னிருக்காங்க. அதே மாதிரி நம்ம பழக்கத்தையும் அவங்களுக்குச் சொல்லி வச்சிடுங்க, நாங்க அழுவோம், கட்டிப் பிடிப்போம், சில பேர் கிளம்பற நேரத்துல சண்டை கூடப் போடுவோம், பயந்துக்காதீங்கன்னு. உங்க மாமியார் கடைசி நாள்ல கண்டிப்பா திட்டுவாங்க, எழுதியிருக்கிறதைப் பார்த்தாலே தெரியுது.

முடிஞ்சா அதே மேஜையில உங்க முறையும் வரட்டும். அவங்க உங்களுக்குக் குடுத்ததை நீங்க நாலு பேரும் எடுத்து வச்சு, எப்ப, என்னன்னு சொல்லுங்க. பொருளாத்தான் இருக்கணும்னு இல்ல. பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்த ராத்திரி விடிய விடிய அசையாம பக்கத்துல உக்காந்திருந்தாங்கன்னு எழுதியிருந்தீங்களே, அதைச் சொல்லலாம்.

"ஊருக்குப் போற சந்தோஷம்"னு சொல்றீங்க. இதுல நீங்க ஒரு கணக்கை விட்டுட்டீங்க. கப்பல் ஒளியோட வேகத்துல 99 சதவீதத்துல போகும்னு உங்களுக்குக் குடுத்த கையேட்டுல இருக்கிறதா எழுதியிருக்கீங்க. டௌ செட்டி சுமார் 12 ஒளியாண்டு. வேகம் கூட்டுற, குறைக்கிற நாளை எல்லாம் விட்டுட்டுத் தோராயமாப் பார்த்தா, அந்த வேகத்துல கப்பலுக்குள்ள காலம் நம்ம காலத்தை விட ஏழு மடங்கு மெதுவா ஓடும். நமக்குப் பன்னெண்டு வருஷம் ஆகுற பயணம் உள்ள இருக்கிறவங்களுக்கு ஒண்ணே முக்கால் வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. இப்ப அவங்க பக்கமா நின்னு பாருங்க. வர்றதுக்கு 12, இங்க 3, போறதுக்கு 12, ஆக அவங்க ஊர்ல 27 வருஷம் ஓடியிருக்கும். அவங்களுக்கு ஆறரை வருஷம் கூட வயசு ஏறியிருக்காது. அவங்க விட்டுட்டு வந்த குழந்தைங்க வளர்ந்து ஆளாகியிருக்கும், பெரியவங்க இருப்பாங்களோ என்னவோ. வெளிநாட்டுல கொஞ்ச வருஷம் இருந்துட்டுத் திரும்பறவங்களுக்கே சொந்த ஊர் ஒட்டாம ஒரு தடுமாற்றம் வரும், போன இடத்துல பட்டதை விட திரும்பின இடத்துல பட்டது ஜாஸ்தின்னு சொன்ன ஆளுங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன், 1960-கள்லயே இதை ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. உங்க அத்தைக்குக் காத்திருக்கிறது அதை விடப் பல மடங்கு. இது அவங்களுக்கு நல்லாவே தெரியும், ஏன்னா ஏற்கனவே ஒரு தடவை இதே மாதிரி கிளம்பித்தானே உங்க வீட்டுக்கு வந்தாங்க.

"தினமும் எழுதுவேன்" பொய்யா?

பொய் இல்ல. இதைத்தான் நீங்க நல்லாப் புரிஞ்சுக்கணும், பாப்பாகிட்ட பேசறதுக்கு முன்னாடி. பிசிக்ஸ் சொல்லிக் குடுக்கிற என் தம்பிகிட்ட கொடுத்துக் கணக்கைச் சரிபார்த்துட்டேன்.

ரயில் நம்மளைத் தாண்டிப் போனதும் ஹாரன் சத்தம் இழுத்துக்கிட்டே போகுமே, விலகிப் போற கப்பல்ல இருந்து வர்ற செய்தியும் அப்படித்தான் இழுபடும். இந்த வேகத்துல சுமார் 14 மடங்கு. அவங்க கப்பல்ல உக்காந்து தினம் ஒரு செய்தி தவறாம அனுப்பினாலும், உங்க வீட்டுக்கு ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுதான் வந்து சேரும். முன்கூட்டியே சொல்லலைன்னா ஒரு குழந்தை இதை எப்படி எடுத்துக்கும்? தினமும்னு சொன்னாங்க, ஒரு நாள் ஆச்சு, அஞ்சு நாள் ஆச்சு, மறந்துட்டாங்க. உங்களுக்கே அப்படித்தான் தோணும். அங்க அவங்க ஒரு நாள் விடாம எழுதிக்கிட்டு இருப்பாங்க.

அதோட முழுக் கணக்கு இன்னும் ஆச்சரியம். பயணத்துல அவங்களுக்கு ஆகப் போறது சுமார் 620 நாள். 620 நாளும் எழுதின செய்தி உங்களுக்கு வந்து முடிய 24 வருஷம் ஆகும். "வந்து சேர்ந்துட்டேன்"ங்கிற செய்தி வர்றப்ப உங்க பொண்ணுக்கு 32 வயசு. நடுவுல அவ வயசுக்கு வந்து, காலேஜ் போய், வேலைக்குப் போய், ஒருவேளை அவளுக்கே ஒரு குழந்தை இருக்கும், அத்தையோட செய்தி மட்டும் எட்டு வயசுப் பிள்ளைகிட்ட பேசற மாதிரியே வந்துகிட்டு இருக்கும். பதினாலு, பதினஞ்சு வயசுல அவளுக்கு அது எரிச்சலா இருக்கும், படிக்காமக் கூட விட்டுடுவா. விடட்டும். கட்டாயப்படுத்தாதீங்க, அழிக்காம மட்டும் சேர்த்து வைங்க.

இங்கிருந்து போறது வேற கதை. கப்பல் கிளம்பி ஒரு மாசம் கழிச்சு பாப்பா ஒரு செய்தி அனுப்பினா, அது கப்பலைத் துரத்திப் பிடிக்கவே நம்ம கணக்குல எட்டு வருஷத்துக்கு மேல ஆகும். கப்பல் கிளம்பின முதல் ஆறு வாரத்துல அனுப்புறது மட்டும்தான் வழியில அவங்களுக்குக் கிடைக்கும், மிச்சமெல்லாம் ஊர் போய்ச் சேர்ந்தப்புறம்தான். அதுல ஒரு நல்ல விஷயம் என்னன்னா, அப்புறம் செய்தி சாதாரண வேகத்துல ஒவ்வொரு நாளா வரும், அதுவும் பாப்பாவோட எட்டு வயசுல இருந்தே. பல் விழுந்தது, பரீட்சையில கோட்டை விட்டது எல்லாம் பன்னெண்டு வருஷம் பிந்தி, ஆனா வரிசை மாறாம. அவ எழுதினா அத்தைக்கு அவ வளர்றதைப் பார்க்கக் கிடைக்கும். கேள்வி கேட்டு பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி எழுத வேண்டாம்னு மட்டும் சொல்லிக் குடுங்க. ஊர் சேர்ந்தவங்களுக்கு ஒரு கேள்வி போய் பதில் வர 24 வருஷம்.

அதனால கேக்க வேண்டியது, சொல்ல வேண்டியது, மன்னிப்புக் கேக்க வேண்டியது எதுவா இருந்தாலும் கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடி இருக்கிற இந்த ஆறு வாரத்துக்குள்ள முடிச்சுடணும். போன்ல பேசிக்கலாம்னு தள்ளிப் போடற வசதி இங்க கிடையாது.

பாப்பாகிட்ட தேதியை மறைக்கலாமா

கூடாது. உங்க கணவர் நல்ல எண்ணத்துலதான் சொல்றார், குழந்தை ஆறு வாரம் அழ வேண்டாமேன்னு. ஆனா எட்டு வயசுப் பிள்ளைக்கு பிரிவுன்னா என்னன்னு புரியும், ஏற்கனவே அந்த மேஜைகிட்ட அவளுக்குப் பாதி தெரிஞ்சு போச்சு. ஸ்கூல் விட்டு வர்றப்ப ரூம் காலியா இருந்தா, அத்தை சொல்லாம போயிட்டாங்கன்னு ஒண்ணு, அப்பா அம்மாவுக்குத் தெரிஞ்சும் சொல்லலைன்னு ஒண்ணு, ரெண்டு அடி. ரெண்டாவது ரொம்ப நாள் நிக்கும். "ஊருக்குப் போயிருக்காங்க, வருவாங்க"ன்னு சொல்றது அதை விட மோசம், வாசலையே பார்த்துக்கிட்டு இருப்பா.

காலண்டர்ல தேதியைக் குறிச்சுக் காட்டிடுங்க. அவங்க திரும்ப வர மாட்டாங்க, ஆனா எழுதுவாங்க, எழுதறது மெதுவா வரும்னு மூணையும் நேராச் சொல்லுங்க. அழுதா அழட்டும். "நான் அடம் பிடிச்சதாலதான் போறாங்களா"ன்னு ஒருநாள் கேப்பா, இந்த வயசுல நிறையப் பிள்ளைங்க கேக்கும், அப்ப சிரிச்சுடாதீங்க, பதில் சொல்லுங்க. அந்த நட்சத்திரம் வெறும் கண்ணுக்கே தெரியும், இருட்டான இடத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டலாம். 1960-ல பிராங்க் டிரேக் வேற்றுலக சிக்னல் ஏதாவது வருதான்னு ரேடியோ தொலைநோக்கியை முதன்முதலா திருப்பினது இந்த டௌ செட்டி பக்கம்தான், அன்னைக்கு ஒண்ணும் கேக்கல. இதெல்லாம் பாப்பாவுக்குப் பிடிக்கும். ஆனா ராத்திரி ராத்திரி பார்த்தே ஆகணும்னு ஒரு கடமையா ஆக்கிடாதீங்க, பாதி வருஷம் அது ராத்திரி கண்ணுக்கு வசதியாக் கிடைக்காது, வீணா ஏங்கிப் போவா.

நாத்தனார் பேச்சுக்கு வர்றேன். ரத்த சொந்தமா, கல்யாண சொந்தமா, ரெண்டும் இல்லைன்னா எதுக்கு அழறேன்னு கேக்கிறது உலக வழக்கம். ஊர் ஒத்துக்காத துக்கம்னு ஒண்ணு இருக்கு, கென்னத் டோக்காங்கிற ஆய்வாளர் 1980-கள்லயே இதைப் பத்தி எழுதினார், துக்கம் விசாரிக்க யாரும் வராததால அது உள்ளயே தங்கிடும்னு. உங்களோடதும் அதே வகை. இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கு, அத்தை உயிரோடதான் இருப்பாங்க, ஆனா இங்க இல்ல, முழுசா இழந்துட்டோம்னும் சொல்ல முடியாது, இருக்காங்கன்னும் சொல்ல முடியாது. இந்த மாதிரி நேரத்துல மனசு ஒரு முடிவுக்கு வராம அலையறது சகஜம், உங்களுக்கு ஏதோ கோளாறுன்னு நினைக்காதீங்க. நாத்தனார்கிட்ட வாதம் பண்ண வேண்டாம். அவங்களோட "அத்தை"ங்கிற பட்டத்தை இன்னொருத்தர் எடுத்துக்கிட்ட வருத்தம் அவங்களுக்கு மூணு வருஷமா இருந்திருக்கலாம், வழியனுப்ப அவங்களையும் கூப்பிடுங்க.

கூடவே போற சீட்

அலுப்புல வந்த யோசனையா, நிஜமாவே ஆசையான்னு உங்களுக்குத்தான் தெரியும். கணக்கை மட்டும் சொல்றேன். போன கையோட திரும்பினாக் கூட உங்களுக்கு மூணரை வருஷம் போயிருக்கும், 41 தாண்டியிருப்பீங்க. உங்க பொண்ணுக்கு 32. மாமியாரைப் பார்ப்பீங்கன்னு சொல்ல முடியாது. திட்டத்துல இருக்கிறவங்க "வெறும் மூணரை வருஷம்"னு சொன்னா அது உங்க வாட்ச் காட்டுற கணக்கு, குழந்தையோட கணக்கு கிடையாது. யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, கையெழுத்துப் போட்டிருந்தாலும் கப்பல் ஏறுற வரைக்கும் வேண்டாம்னு சொல்ற உரிமை இருக்கான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கங்க. என் அபிப்பிராயம் கேட்டா, எட்டு வயசுப் பிள்ளையை வச்சுக்கிட்டு இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல.

செடியும் கல்லும்

ரகசியமா செடி குடுத்தனுப்பறதை மறந்துடுங்க. 1967 விண்வெளி ஒப்பந்தத்தோட 9-வது பிரிவு, வேற கோள்களை நம்ம உயிரினங்களால மாசுபடுத்தக் கூடாது, வெளியில இருந்து வர்ற பொருளால பூமிக்கும் கெடுதல் வரக் கூடாதுன்னு ரெண்டு பக்கமும் சொல்லுது. ஒப்பந்தம் நாடுகளைத்தான் கட்டுப்படுத்தும், என்னை என்ன பண்ணுவாங்கன்னு கேக்கலாம். 6-வது பிரிவுப்படி தனியார் செய்யறதுக்கும் அந்த நாடுதான் பொறுப்பு, அதனால சும்மா விட மாட்டாங்க. சட்டத்தை விடுங்க, ஒரு துளி மண்ணுல எத்தனை கோடி நுண்ணுயிர் இருக்கு, அது அத்தையோட ஊர்ல என்ன செய்யும்னு யாருக்குத் தெரியும்? பாசத்துல அனுப்பற சாமான் அவங்களுக்கே வினையா முடியக் கூடாது. அந்தச் செடியை பாப்பாவை விட்டு வரையச் சொல்லி, ஒவ்வொரு இலையையும் போட்டோ எடுத்துக் குடுங்க.

கல்லை வச்சுக்கலாமாங்கிறதுக்கு, சொல்லிட்டு வச்சுக்கங்க. அப்பல்லோ 11-ல நிலாவுக்குப் போய் வந்தவங்களையே 21 நாள் தனிமையில வச்சாங்க, அப்பல்லோ 14-க்கு அப்புறம்தான் தேவையில்லைன்னு அந்த வழக்கத்தை நிறுத்தினாங்க. வெளி உலகப் பொருள்னா சோதனை இருக்கும், அது உங்களைச் சந்தேகப்படறதில்ல. அலமாரியில ஒளிச்சு வச்சு பின்னாடி கண்டுபிடிச்சா பறிச்சுடுவாங்க, முன்னாடியே பதிவு பண்ணினா சோதிச்சுட்டுத் திருப்பித் தர வழி கேக்கலாம். மாமியார் ஏற்கனவே அதைத் தலையணைக்கு அடியில வச்சுப் படுக்கிறாங்கன்னு எழுதியிருக்கீங்க, அவங்களுக்கு நீங்கதான் எடுத்துச் சொல்லணும், எனக்கு அந்த தைரியம் இல்ல.

கடைசியா ஒரு காகித வேலை, இந்த வாரமே பண்ணிடுங்க. வரப் போற செய்தியெல்லாம் யார் பேர்ல பதிவாகியிருக்குன்னு திட்ட ஆபீஸ்ல கேளுங்க. அநேகமா குடும்பத் தலைவர்னு உங்க கணவர் பேர் மட்டும்தான் இருக்கும். வீடு மாறினா, போன் நம்பர் மாறினா, இந்தத் திட்டமே மூடிட்டா 24 வருஷத்துக்கு யார் வாங்கி வச்சுக் குடுப்பாங்கன்னு எழுத்துல வாங்குங்க. பொண்ணோட பேரையும் பெறுநரா சேர்க்கச் சொல்லுங்க, 18 வயசு முடிஞ்சதும் நேரா அவளுக்கே வர்ற மாதிரி. அந்த விண்ணப்பத்துல அத்தையோட சம்மதமும் வேணும்னு சொல்லுவாங்க, அதனால அவங்க இருக்கிறப்பவே போய் வாங்க, பாப்பாவையும் கூட்டிக்கிட்டு.